ஸ்பைடரை விடுங்கள், ஆர்டினியைப் பாருங்கள்

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் அமெரிக்க சூப்பர் ஹீரோக்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பக்கத்து சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-லும், லயன் காமிக்ஸ் 1984-லும் தொடங்கின என்றால், “அது எங்க மாமா காலத்துப் புக்கு” என்று நழுவிவிடுவான். எரிச்சல் வராதா?

அந்த லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரின் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் ஸ்பைடர், சிவப்பும் நீலமும் போட்டுத் தாவுகிற பையன் அல்ல. 1965-ல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் பிறந்தவன். எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெஜ் பன். பின்னால் கதையைக் கையில் எடுத்தவர் ஜெர்ரி சீகல், 1938-ல் சூப்பர்மேனை உலகுக்குக் கொடுத்த இருவரில் ஒருவர். களம் நியூயார்க். கூர்க்காது, நெற்றியில் முனையாக இறங்கும் முடி, வலைத்துப்பாக்கி, ஹெலிகார். லட்சியம்? குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவது! தமிழில் ‘எத்தனுக்கு எத்தன்’ படித்தால் போதும், பிடிபட்டுவிடும். லாஜிக் கேட்காதீர்கள். காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று தெரிந்தே காதை நீட்டுவதுதான் இங்கே ரசனை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கதாநாயகனின் பக்கத்தில் நிற்பவர்களில் எடுபிடி உண்டு, கூட்டாளி உண்டு. இந்த வித்தியாசம் பிடிபடாதவர் எத்தனை காமிக்ஸ் படித்தும் பயனில்லை. எடுபிடியின் வேலை மூன்று: வாயைப் பிளப்பது, “எப்படி பாஸ் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்பது, கடத்தப்படுவது. கூட்டாளிக்குக் கைத்தொழில் ஒன்று இருக்கும், சொந்தக் கணக்கு ஒன்று ஓடும். நாளைக்கே விலகிப் போனாலும் பிழைத்துக்கொள்வான்.

ஸ்பைடரோடு இருக்கும் ராய் ஆர்டினி பூட்டு உடைப்பதில் மன்னன். புரொபசர் பெல்ஹாம் கெட்டுப்போன விஞ்ஞானி. பாதி பயம், பாதி ஆசை, அதனால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பைடர் தன் புகழைத் தானே பாடும் கட்டங்களில் (அது நிறையவே வரும்) அவனைப் பார்க்காதீர்கள், பின்னால் நிற்கும் இவர்கள் முகத்தைப் பாருங்கள். தற்பெருமைக்காரனிடம் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த முகம் அது.

முத்து காமிக்ஸ் தந்த மாயாஜால மன்னன் மாண்ட்ரேக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். லீ ஃபாக் 1934-ல் ஆரம்பித்தபோது லோதார் சிறுத்தைத்தோல் போர்த்த, கொச்சை ஆங்கிலம் பேசும் வெறும் எடுபிடி. 1965-ல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரைய வந்தபின் உடையும் பேச்சும் மாறி, மாண்ட்ரேக்குக்குச் சமமான நண்பனாக நிமிர்கிறான். அந்த மாற்றத்துக்காகவே இரண்டு காலத்துக் கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரோடு சுற்றும் கார்சன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாலும் சுத்தமான கூட்டாளி. இதெல்லாம் எதற்கு, நம் விக்கிரமாதித்தனுக்கு ஒரு பட்டி இல்லையா? காடாறு மாதம் நாடாறு மாதம் என்று ராஜாவின் ஆயுளையே இரட்டிப்பாக்கியது மந்திரி மூளை. பட்டியை எடுபிடி என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் ஊர்க் கிழவிகள் சும்மா விடமாட்டார்கள்.

மறுபடி ஸ்பைடரிடம் வருவோம், இப்போது அவனுடைய வில்லன்கள். மாயத்தோற்றங்களை வைத்தே மிரட்டும் மிரர் மேன், செயற்கை மனிதர்களை ஏவும் சக்கரவர்த்தி, விளக்கிலிருந்து கிளம்பும் பூதம் என்று நியூயார்க் தெருக்களில் அணிவகுப்பார்கள். இப்போதைய படங்களில் வில்லனுக்குச் சோகமான பால்யம் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். அழுதுவிட்டுத்தான் ஊரை அழிக்க வேண்டுமாம். இவர்களுக்கு அந்தப் பாசாங்கு கிடையாது. ஊரைக் கொள்ளையடிக்க ஆசை, அடிக்கிறார்கள். எதிரே நிற்பவனும் அதே ஜாதிக் களவாணி என்பதால் ஜெயிப்பது நியாயமா என்ற கேள்வியே எழாது. யார் பெரிய எத்தன், அவ்வளவுதான் போட்டி.

“கிராஃபிக் நாவல் என்றால் படிப்பேன், காமிக்ஸ் சிறுபிள்ளைத்தனம்” என்பவர்கள் அட்டையின் தடிமனை எடைபோடுகிறார்கள். ரெஜ் பன் நெருக்கமான மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கி இருட்டை நிரப்பியிருப்பதை ஒரு பக்கமாவது நிதானமாகப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். வண்ணப் பதிப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். இந்தக் கோடுகளுக்குக் கறுப்பு மை போதும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முத்துவின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி என் கணக்கில் ஸ்பைடருக்கு ஒரு படி கீழேதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் அந்தக் கற்பனை அபாரம், மறுக்கவில்லை. ஆனால் மாயாவி பெரும்பாலும் தனியாள். கூட நின்று முகம் சுளிக்க அவனுக்கு ஓர் ஆர்டினி இல்லை. சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் ‘எத்தனுக்கு எத்தன்’ படித்துவிட்டு வாருங்கள்.