வேடமும் ஓர் உரையே

சித்திரக்கதைச் சந்தைகளில் கதைமாந்தரின் வேடம் புனைந்து வருவோரைக் கண்டு, 'இஃதென்ன சிறுபிள்ளை விளையாட்டு?' என்று முகம் சுளிப்பார் பலர். கண்டு மகிழ்வாருங்கூட, 'அச்சு அசல் அப்படியே இருக்கிறது' என்னும் ஒரு தொடரோடு தம் பாராட்டை முடித்துக்கொள்வர். இகழ்வாரும் புகழ்வாரும் வேடத்தைப் படத்தின் நகலாகவே கொள்கின்றனர். நகல் என்பதனாலேயே முன்னவர் இகழ, நகல் என்பதனாலேயே பின்னவர் புகழ்கின்றனர். ஆயின், நல்ல வேடம் நகலன்று. அது மூலத்திற்கு வரைந்த உரை. நூலை எழுத்தெண்ணிப் படித்த உரையாசிரியர், ஆசிரியர் சொல்லாது விட்டதை வருவித்து, ஐயம் எழும் இடத்தில் ஒரு பொருளைத் துணிந்து கொள்கிறார் அல்லவா? அதுபோல வேடம் புனைவோரும், வரைந்தவர் விட்ட இடத்தில் தாம் ஒன்றைத் துணிகின்றனர். அத்துணிவின் தரத்தை அளப்பதே வேடத்தைத் திறனாய்தல்.

இக்கலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் 'காஸ்பிளே'. உடையைக் குறிக்கும் 'காஸ்டியூம்', ஆட்டத்தையும் நாடகத்தையும் ஒருங்கே குறிக்கும் 'பிளே' ஆகிய ஆங்கிலச் சொற்களின் தலைகளை மட்டும் வெட்டி ஒட்டி ஜப்பானியர் ஆக்கிய சொல் இது. அவர் வாயில் 'கொசுப்புரே' என்று ஒலிக்கும்; தமிழ்ச் செவிக்கு அது வேறொன்றை நினைவூட்டுவது அச்சொல்லின் குற்றமன்று. நொபுயுகி தகஹாஷி என்னும் ஜப்பானியர், 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் கூடிய உலக அறிவியற்புனைகதை மாநாட்டைக் கண்டு திரும்பியபின் இதைப் படைத்தார் என்று பலரும் எழுதிவருகின்றனர். 'மை அனிமே' என்னும் இதழின் 1983 ஜூன் வெளியீட்டிலேயே அவர் இச்சொல்லை ஆண்டுவிட்டமையின் அக்கூற்று நில்லாது.

சொல் புதிதாயினும் செயல் பழையது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியற்புனைகதை மாநாடு கூடியபோது, லாஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்த ஃபாரெஸ்ட் ஆக்கர்மன், மர்டில் டக்ளஸ் ஆகிய இருவரும் எதிர்கால மனிதரின் உடையணிந்து அவைபுகுந்தனர். மலிவு விலைக் கதையிதழ்களின் அட்டைகளில் ஃபிராங்க் பால் தீட்டிய ஓவியங்களும், 1936-இல் வெளிவந்த 'திங்ஸ் டு கம்' என்னும் திரைப்படமும் அவ்வுடைகளுக்கு மூலம். பிற்காலத்தில் ஆக்கர்மனின் பெயர் நாற்றிசையும் பரவியது. அவர் உடுத்ததையும் சேர்த்து இரண்டையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ் அம்மையாரே என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. அம்மையார் 1964-இல் மறைந்தார். உடுத்தவரை வியந்து தைத்தவரை மறக்கும் வழக்கம் இக்கலையோடு உடன்பிறந்தது போலும்!

அம்மையார் செய்த வேலை எத்தகையது என்று சற்றே எண்ணிப்பார்த்தல் வேண்டும். அட்டை ஓவியம் ஒரு பக்கத்தையே காட்டும். முதுகுப்புறம் எப்படி இருக்கும், எங்கே முடிச்சு, அதை உடுத்தவர் எப்படி நாற்காலியில் அமர்வது என்பனவற்றை ஓவியர் எண்ணியிருக்கவே மாட்டார். தைப்பவர் எண்ணியே தீரவேண்டும். மூலத்தில் இல்லாத முதுகை வருவித்துரைத்த அந்த இடத்தில் உரை தொடங்கிவிடுகிறது.

இத்தகைய உரையை உள்ளவாறு காணத்தக்க இடம் போட்டி மேடை அன்று. மேசைமேல் தம் புத்தகங்களைப் பரப்பி அதன் பின்னே அமர்ந்திருக்கும் ஓவியரின் நாற்காலியே அதற்கு ஏற்ற இடம். டோக்கியோவில் 1975 டிசம்பர் 21-ஆம் நாள் 32 குழுக்களோடும் ஏறத்தாழ 700 பேரோடும் தொடங்கிய 'காமிக் மார்க்கெட்' என்னும் சந்தையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆகஸ்டிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை கூடும் இச்சந்தைக்கு 1996 முதல் 'டோக்கியோ பிக் சைட்' என்னும் பெருமண்டபம் இடமாயிற்று. 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் அங்கு வந்துசென்றோர் தொகை 750,000. பெருந்தொற்றால் இடையே தடைபட்டு, 2021 டிசம்பரில் மீண்டும் கூடியது. தொகையினும் பெரிது அதன் கொள்கை. அங்கே 'வாடிக்கையாளர்' என்று ஒருவரும் இலர். விற்பவரும் வாங்குபவரும் தொண்டரும் வேடம் புனைவோரும் ஒருங்கே 'பங்கேற்பாளர்' என்றே அழைக்கப்படுவர். ஒரு குழுவுக்குக் கிடைப்பது மடக்கு மேசையில் பாதி, அதாவது 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடம். தாமே வரைந்து அச்சிட்ட 'டோஜின்ஷி'ப் புத்தகங்களை அதன்மேல் அடுக்கிவைத்து, அச்சுக்கூலிகூடத் திரும்பாமல் வீடு செல்வோர் பலர்.

அமர்ந்திருப்பவரின் கண் நிற்பவரின் இடுப்பளவில் இருக்கும். மேடைக்கு எதிரே இருப்பவருக்குத் தெரியாத விளிம்புத் தையலும், வாளுறையின் பிணிப்பும், காலணியும் அவருக்கே முதலில் தெரியும். மேடையில் வேடத்தார் நிற்பது ஓரிரு நிமிடமே. மேசைக்கு முன்போ, அவர் சில்லறை எண்ணவேண்டும். நெருக்கத்தில் இறக்கையை மடக்கி ஒதுங்கவேண்டும். முகமூடியை உயர்த்தி நீர் அருந்தவேண்டும். வீட்டிலிருந்தே வேடத்தோடு வருதலாகாது, சந்தையிலுள்ள உடைமாற்றும் அறையிலேயே மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது டோக்கியோச் சந்தையின் விதி. ஆதலின் எவ்வளவு பெரிய கவசமும் ஒரு பைக்குள் மடங்கியே வருதல் வேண்டும். யாப்புப் புலவரை நெருக்குவது போல இவ்விதி தைப்பவரை நெருக்குகிறது. நெருக்கத்தில் பிறந்த நயங்களும் பல.

ஒசாமு தெஸுகா 1952-இல் தொடர்கதையாக வரையத் தொடங்கிய 'ஆட்டம்' என்னும் இயந்திரச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவன் தலையில் கொம்புபோல் எழுந்த மயிர்க்குடுமி இரண்டு. அவன் எப்பக்கம் திரும்பினும் இரண்டும் நம் கண்ணுக்குத் தெரியுமாறே தெஸுகா வரைந்தார். தாளில் இது நடக்கும். மண்டையோ உருண்டை, அதன்மேல் இரண்டு கொம்பை நாட்டினால், ஒரு பக்கமாகப் பார்க்கையில் ஒன்று மற்றொன்றை மறைக்கும். வேடம் புனைபவர் இவ்விடத்தில் திகைக்கிறார். முன்னும் பின்னுமாக நாட்டுவதா, பக்கத்துக்கு ஒன்றாக நாட்டுவதா, காண்பவர் நிற்கும் திசைக்கேற்பத் தாமே தலையைச் சாய்த்துக்கொள்வதா? எதைத் தேர்ந்தாலும் ஓவியத்தின் இனிய பொய் ஒன்றை அவர் கண்டுபிடித்துவிட்டார். நூறு பேர் படித்துக் கடந்த பக்கத்தில் இதைக் கண்டவர் அவர் ஒருவரே.

இன்னும் கூரிய சான்று 'ஸ்பைடர்மேன்'. 1962-இல் ஸ்டான் லீ கதைசொல்ல ஸ்டீவ் டிட்கோ வரைந்த அவன், மெலிந்த பள்ளி மாணவன். தன் உடையைத் தானே தைத்துக்கொண்டவன். பின்வந்த ஓவியர் பலர் அவனைத் தசை திரண்ட வீரனாக்கினர். இன்று கடையில் வாங்கிய வழவழப்பான உடையில் வருவோர் எத்தனையோ பேர். அவர்களிடையே ஒருவர், தோள்மூட்டில் கைத்தையல் கோணலாகத் தெரிய, முழங்காலில் துணி சற்றே தொய்ய வருவாராயின், மேடை நடுவர் அதைக் குறை என்று எழுதிக்கொள்வார். மேசைக்குப் பின்னிருக்கும் ஓவியர் நிமிர்ந்து உட்காருவார். அக்கோணல் தையல், 'இப்பையனுக்குத் தையல் தெரியாது. இரவில் ஒருவரும் அறியாமல் அறையில் தைத்தான்' என்னும் உரை. முகம் முழுதும் மூடிய வேடமாதலின் மெய்ப்பாடு முழுவதும் தோளிலும் விரலிலும் முழங்கால் மடிப்பிலும் வரவேண்டும் என்பதையும் அறிந்து அவர் நின்றால், அதற்குமேல் கேட்பதற்கில்லை.

போட்டி நடுவரைக் குறைகூறுவதே நோக்கமன்று. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970-இல் ஏறத்தாழ 300 பேரோடு தொடங்கிய சித்திரக்கதை மாநாட்டில் 1974 முதல் வேடப்போட்டி உண்டு. உலக அறிவியற்புனைகதை மாநாட்டுப் போட்டியில் மூலத்தைத் தழுவிய வேடம், சொந்தக் கற்பனை வேடம் என்ற பகுப்பும், தையலைத் திரைக்குப் பின்னால் தனியே நுணுகி நோக்கும் நடுவரும் உண்டு. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், தழுவிய வேடத்திற்கு மூலப்படத்தைச் சான்றாகக் கொடுக்கவேண்டும் என்னும்போது, படத்தோடு வைத்து ஒத்துப்பார்க்கும் கண்ணே கூர்மையாகிறது. ஒப்புமைக்குப் பரிசு கொடுத்தால் ஒப்புமையே வளரும்.

மாற்றமெல்லாம் உரையாகிவிடும் என்றும் கருதிவிடலாகாது. விண்வெளிப் போர்வீரனின் கவசத்தின்மேல் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியை வைத்தால் சிரிப்பு வரும். வீரனைப் பற்றி ஒன்றும் தெரியவராது. ஆசிரியரே தம் பாத்திரமாக வந்தாலும் இதே அளவுகோல்தான். 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் சித்திரக்கதை ஓவியர் ஒருவர், தாம் படைத்த பாத்திரமாகவே மேனியெங்கும் நிலக்கடலைப் பசையைப் பூசிக்கொண்டு மேடையேறினார். பசை அயலார் உடைகளில் ஒட்டி, விளக்கின் வெப்பத்தில் நாறவும் தொடங்கிற்று. பின்னர் வேடப்போட்டிகளின் விதிகளில் நிலக்கடலைப் பசைக்குத் தடை எழுதப்பட்டது. மூலாசிரியர் எழுதிய உரையாயினும் முகர முடியாததை என்ன செய்வது?

மேசை போட்டிருப்போர் பக்கத்து வழக்கு ஒன்றும் உண்டு. வேடத்தாரைப் படம்பிடிக்கும் கூட்டம் நடைவழியை அடைத்துவிடுகிறது, வருவோர் படமெடுத்துக்கொண்டு போகின்றனரே அன்றிப் புத்தகம் வாங்குவதில்லை என்று 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் விவாதம் மூண்டது. கோலாலம்பூரில் 2002-இல் தொடங்கிய 'காமிக் ஃபியஸ்டா'வில் மேசை போடும் இளம் ஓவியருக்கும் இக்கணக்கு விளங்கும். விற்பனை குறைவது மெய்யான துன்பம். அதை மறுப்பது அறமாகாது. ஆனால் அத்துன்பத்திற்குக் காரணம் வேடம் புனைந்தவரா, புனைந்தவரையும் படிக்காமல் புத்தகத்தையும் படிக்காமல் தம் முகத்தை அருகில் வைத்துப் படமெடுத்துச் செல்பவரா என்று பிரித்தறிதல் வேண்டும். ஒரு பாத்திரத்தின் கைப்பட்டியில் எத்தனைக் கண்ணி என்று எண்ணித் தைத்தவர், ஓவியருக்குக் கிடைத்த வாசகருள் தலையாயவர். அவரைக் கூட்டத்தோடு சேர்த்து ஏசுவது பொருந்தாது. அதே 2014-இல் நியூயார்க் மாநாட்டு வாயிலில், வேடம் அணிந்தமை இசைவு தந்தமை ஆகாது என்று எழுதிவைத்தனர். கேட்டுப் படமெடுக்கும் பழக்கம் வந்தாலே நெருக்கடியில் பாதி குறையும். கேட்குமிடத்தில் இரண்டு சொல் பேச்சும் நிகழும்.

டோக்கியோச் சந்தையில் விற்கும் ஒவ்வொரு புதுப் புத்தகத்திலும் ஒரு படியை அமைப்பாளரிடம் கொடுத்துவிடவேண்டும். சந்தையை நிறுவியோருள் ஒருவரான யொஷிஹிரோ யொனெஸவா 2006-இல் மறைந்தபின், அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் 2009-இல் அவர் பெயரால் நூலகம் திறந்தது. ஆக, பத்துப்படி விற்ற புத்தகத்திற்கும் ஒரு சான்று எஞ்சுகிறது. வேடத்திற்கு அவ்வாறு படி கொடுக்கும் இடம் இல்லை. மாலையில் அது மடிந்து பைக்குள் போய்விடும். எஞ்சுவது நிழற்படம், அதுவும் பெரும்பாலும் முன்பக்கம். மேசைக்குப் பின்னிருந்து காண்போர், கண்டதைக் குறிப்பேட்டில் வரைந்துவைக்கலாம். படமெடுப்போர் முதுகுப்புறத்தையும் ஒன்று எடுத்து, தைத்தவர் யார் என்று கேட்டு, அப்பெயரைப் படத்தின் கீழ் எழுதிவைக்கலாம்.