பாட்டினால் பறிபோனதா இராச்சியம்?

"பாட்டும் கூத்துமாக் கிடந்துதான் ராச்சியத்த அழிச்சுப் போட்டான்." அவதின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா பற்றி எமது மேடைகளில் பேச்சு வந்தால், பெரும்பாலும் இந்த ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடும். சத்தியஜித் ரேயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, இந்த வசனம் முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்ற கேள்விதான் எனக்குள் எழுந்தது.

வாஜித் அலி ஷா 1847 முதல் 1856 வரை லக்னோவில் ஆட்சி செய்தவர். 'அக்தர்' என்ற புனைபெயரில் கவிதையும் தும்ரியும் எழுதினார். கதக் ஆட்டத்தை ஆதரித்தார். பட்டத்து இளவரசராக இருந்த காலத்திலேயே ராதை-கண்ணன் கதையை ஆடலும் பாடலும் கலந்த 'ரஹஸ்' நாடகமாக அரங்கேற்றினார். கைசர்பாக் மாளிகையில் நடந்த விழாக்களில் அவரே காவி உடுத்து யோகி வேஷம் கட்டினார். அவருக்கு இது வெறும் பொழுதுபோக்கல்ல. இசையையும் ஆட்டத்தையும் பற்றி நூல் எழுதுமளவுக்கு அந்தக் கலையைக் கற்றவர்.

ரேயின் படத்துக்கு மூலம் பிரேம்சந்த் 1924இல் எழுதிய சிறுகதை. சிற்றின்பத்தில் மூழ்கிய லக்னோவைச் சாடிக்கொண்டே அக்கதை தொடங்குகிறது. நாடு பறிபோகும் வேளையில் சதுரங்கம் ஆடும் இரண்டு ஜாகிர்தார்கள் கடைசியில் ஒருவரையொருவர் வெட்டிச் சாகிறார்கள். ரே அவர்களைச் சாகவிடவில்லை. அவர்கள் ஆங்கிலேயரின் ஆட்டமுறைப்படி காய்களை அடுக்கி மறுபடியும் ஆடுகிறார்கள். சாவை விட இந்த முடிவு கூர்மையானது என்பேன்.

ரே செய்த பெரிய காரியம், நவாபைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்ததுதான். ஒரு காட்சியில் ரெசிடென்ட் ஊட்ரம் தன் உதவியாளனிடம் நவாபைப் பற்றி விசாரிக்கிறார். ஐந்து நேரமும் தொழுகிறார், மது தொடுவதில்லை. அதே ஆள் பாடுகிறார், ஆடுகிறார், பட்டம் விடுகிறார். ஊட்ரத்துக்கு இந்த ஆளைப் பிடிபடவில்லை. இப்படியொரு மனிதன் எப்படி அரசனாக இருக்க முடியும் என்பதே அவருடைய குழப்பம். முடிவில் அம்ஜத் கான் நடித்த நவாப், தலைக்கிரீடத்தைக் கழற்றி நீட்டுகிறார். கையெழுத்து மட்டும் போட மறுக்கிறார். மற்றப் படங்களில் வில்லனாகப் பேர்பெற்ற அந்த நடிகரின் முகத்தில் அவமானமும் கம்பீரமும் ஒன்றாக நிற்கின்றன.

ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கணக்கொன்று தெரிகிறது. 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே அவதின் பாதி நிலம் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. நவாபின் சொந்தப் படையும் பெரும்பாலும் கலைக்கப்பட்டது. பின்வந்த நவாப்களிடம் கம்பனி கோடிக்கணக்கில் கடன் வாங்கியது. வாஜித் அலி பட்டத்துக்கு வந்த புதிதில் படைப்பிரிவுகள் அமைத்துத் தினமும் பயிற்சி பார்த்தார். அதைக் கம்பனி விரும்பவில்லை. வாளைப் பிடுங்கிவிட்டு, "இவன் கையில் வாள் இல்லை, வாத்தியம்தான் இருக்கு" என்று குற்றம் சாட்டினால் அதற்கு என்ன பேர்? சீர்கெட்ட ஆட்சி என்ற குற்றச்சாட்டைச் சொல்லித்தான் 1856 பெப்ரவரியில் டல்ஹௌசி நாட்டை எடுத்தார். நவாபின் நிர்வாகம் நல்லபடி நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. குடிமக்கள் பட்ட கஷ்டம் உண்மை. ஆயினும் திருடினவன் எழுதிய குற்றப்பத்திரிகையை நாம் அப்படியே ஒப்புவிக்கலாமா?

ரேயின் படத்திலும் எனக்கொரு குறை உண்டு. அந்த அரண்மனையின் பரீகானாவில், இசையும் நடனமும் பயின்ற பெண்களிடையே இருந்து வந்தவர்தான் பேகம் ஹஸ்ரத் மஹல். நவாப் கல்கத்தாவுக்குப் போன பிறகு, 1857 கிளர்ச்சியில் தன் மகன் பிர்ஜிஸ் கத்ரை அரியணையில் இருத்தி லக்னோவில் போரை நடத்தியவர். தோற்ற பின்னும் கம்பனியிடம் சரணடையாமல் நேபாளத்துக்குப் போய் 1879இல் அங்கேயே மௌத்தானார். பாட்டு ஆளைக் கோழையாக்கும் என்ற வாதத்துக்கு இந்த ஒரு பெண்ணே போதுமான மறுப்பு. படம் 1856இல் நின்றுவிடுவதால் அந்த மறுப்பைப் பார்வையாளர் கேட்காமலே எழும்பிப் போகிறார்.

நவாபோ கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் இன்னொரு லக்னோவைக் கட்டி, 1887இல் இறக்கும்வரை பாடகரையும் ஆட்டக்காரரையும் பேணினார். அவர் காலத்து லக்னோவில் ஆகா ஹசன் அமானத் எழுதிய 'இந்தர் சபா'வைப் பார்சி நாடகக் கம்பனிகள் ஊரூராகக் கொண்டுபோயின. அக்கம்பனிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கும் வந்தன. சிங்கள நூர்த்தி அரங்கு அவர்களிடமிருந்து மெட்டும் மேடையமைப்பும் எடுத்துக்கொண்டது. 1947இல் வந்த 'அசோகமாலா' படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மத் கௌஸ். அதில் பாடியவர் மொஹிதீன் பேக். இந்த நாட்டின் இசைக்கு எம்மவர் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

இன்று எமது ஊர்களில் றபான் அடிக்கத் தெரிந்த மூத்தவர்கள் அருகி வருகிறார்கள். பொல்லடி அண்ணாவிமாருக்குப் பின்னால் நிற்கப் பிள்ளைகள் இல்லை. இசை கூடுமா கூடாதா என்பது மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாக நடக்கும் விவாதம். அதை அவர்கள் தங்கள் ஆதாரங்களோடு பேசட்டும். நான் அதற்குள் புகவில்லை. ஆனால் "பாட்டுத்தான் நம்மட ஆட்சிய அழிச்சிச்சு" என்பது மார்க்கத் தீர்ப்பல்ல, வரலாறு பற்றிய கூற்று. வரலாற்றில் அது நிற்காது. ஒரு பொல்லடிக்காரக் கிழவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லுமுன், அது டல்ஹௌசியின் மேசையிலிருந்து வந்தது என்பதையாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.