'எபியூசியோஸ்': அகராதிகள் நம்பிய ஓர் ஏடு

கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரத்துக்கு அடைமொழியாய் நிற்கும் கிரேக்கச் சொல் 'எபியூசியோஸ்'. புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய ஈரிடங்களில் மாத்திரமே இது வருகிறது. இச்சொல் கிரேக்கப் புலவரிடத்திலும் பொதுமக்களிடத்திலும் வழங்கவில்லை என்றும், சுவிசேஷகரே இதை ஆக்கினர் போலும் என்றும் மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் எழுதினார். கிரேக்கத்திலேயே சிந்தித்து எழுதியவரின் சாட்சி அது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆயினும் தள்ளினார்கள். எகிப்தின் ஹவாராவில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் ஏட்டைச் சேஸ் என்னும் அறிஞர் 1889இல் வெளியிட்டார். அது வெறும் செலவுக் கணக்கு. அதில் இச்சொல்லின் முற்பகுதி காணப்படுவதாக அவர் வாசித்தார். ஏடு பின்பு காணாமற்போயிற்று. வாசிப்போ அகராதிகளில் நிலைத்துவிட்டது. 'நாட்படி' என்னும் பொருளுக்கு அதுவே ஆதாரமாயிற்று. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏடு மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, அங்கே இருந்த சொல் 'எலாயூ', அதாவது எண்ணெய், என்று தெரிந்தது. ஆகாரம் தேடியவர்களுக்கு எண்ணெய் கிடைத்தது! மூலத்தைக் காணாமல் ஒருவரையொருவர் எடுத்தெழுதும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனிச் சொற்பிறப்பு. 'ஊசியா' (உள்பொருள்) என்பதிலிருந்து பிறந்ததென்றார் ஓரிகன். அவ்வழியே ஜெரோம் மத்தேயுவில் 'பொருளுக்கு மேம்பட்ட' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லை இட்டார். லூக்காவிலோ 'அனுதின' என்னும் பழைய சொல்லையே விட்டுவைத்தார். ஒரே சொல்லுக்கு இரு முகம்! மலைப்பிரசங்கம் கேட்ட ஏழைகளுக்குத் தத்துவக் கலைச்சொல் எதற்கு? அப்போஸ்தலர் 16:11இல் மறுநாளைக் குறிக்கும் 'எபியூசா' என்பதோடு இதை இணைப்பதே பொருத்தமென நாம் கருதுகிறோம். எபிரெயரின் சுவிசேஷத்தில் இவ்விடத்தில் 'மாஹார்', அதாவது 'நாளை', என்றிருந்ததாக அதே ஜெரோம் கூறுவது இதற்கு வலிய துணை.

நாளைக்காகக் கவலைப்படலாகாதென்ற மத்தேயு 6:34 இதற்கு மாறாகாதோ என்பர். கேட்பது வேறு, கவலைப்படுவது வேறு. மாலையில் கூலி பெறும் திராட்சத்தோட்டத்து வேலையாளை (மத்தேயு 20) எண்ணுக. யூதருக்கு மாலையிலேயே அடுத்த நாள் பிறக்கிறது. விடிந்தால் வேலை கிடைக்குமோ என்றறியாத குடும்பம், நாளைய அப்பத்தை இன்றே கையில் தரும்படி கேட்பது பேராசையன்று. அது பசியறிந்தோரின் விண்ணப்பம்.

நம் தமிழ் வேதத்திலுள்ள 'வேண்டிய' என்னும் சொல் தேவையைச் சுட்டுகிறது; சீரிய பெஷீத்தாவும் அவ்வாறே கொண்டது. அதைப் பிழையென்னோம். ஆனால் காலக்குறிப்பு அதில் மறைந்துவிடுகிறது. 'வரும் நாளுக்குரிய' என்பது அடிக்குறிப்பிலாவது இடம்பெற வேண்டும்.