மீதி 37.5 எங்கே போனது?

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆண்டுதோறும் போகிறேன். தமிழ்த் தாள். விடைக்குறிப்பு ஒன்றைக் கையில் தந்துவிடுவார்கள். எந்த வினாவுக்கு எத்தனை, எதற்குக் குறைக்கலாம், எதற்குக் குறைக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தாலும் அந்த இடத்தைச் சுழித்துக் காட்டிவிட்டுத்தான் குறைக்கிறோம். மாணவிக்குத் திருப்தி இல்லையென்றால் பணம் கட்டி விடைத்தாளின் நகலை வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வுமுறை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அதில் இந்த ஒரு நியாயம் உண்டு. குறைத்தவரிடம் எங்கே குறைத்தாய் என்று கேட்க வழி இருக்கிறது.

போன முகாமில் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு சினிமா பக்கம் திரும்பியது. மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "பதினாறு வயதினிலேக்கு விகடன்ல அறுபத்திரண்டரை போட்டான்யா. ரொம்ப காலத்துக்கு அதத் தாண்டி யாருக்கும் போடல." பெற்ற மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னார். நான் கேட்டேன்: "மீதி முப்பத்தேழரைய எதுக்கு சார் கொறைச்சாங்க?" சிரித்துவிட்டார். "அத யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

'16 வயதினிலே' (1977) 62.5. 'முள்ளும் மலரும்' (1978) 61. 'நாயகன்' (1987) 60. இரண்டு மூன்று தலைமுறைத் தமிழ் வாசகர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த விமர்சனங்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் ஒரு வரிகூட நினைவில் இல்லை. எண் தங்கிவிட்டது, எழுத்து உதிர்ந்துவிட்டது. இதற்குக் காரணம் நம் பொதுப்புத்திக்குள் பள்ளிக்கூடம் உட்கார்ந்திருப்பதுதான். 35 எடுத்தால் பாஸ், 60 என்றால் முதல் வகுப்பு என்ற கணக்கைத் தமிழ்ச் சமூகத்திற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தின் மீதுதான் சினிமா மதிப்பெண் ஏறிச் சவாரி செய்தது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. விடைக்குறிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தியவர் பெயரும் இல்லை. 'விமரிசனக் குழு' என்றுதான் இருக்கும். அந்த அரை மதிப்பெண்ணைப் பாருங்கள். 62 அல்ல, 63 அல்ல, 62.5. தராசில் வைத்து நிறுத்ததுபோன்ற தோற்றம். உண்மையில் அது ஒரு அறைக்குள் சிலர் கூடிப் பேசி முடித்த பேரம். ரசனை, அளவையின் வேடம் கட்டிக்கொண்டு வரும்போது அதற்குப் பெயர் அதிகாரம்.

நான் சுருக்கத்திற்கு எதிரி இல்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு நீளமாக எழுதினால்தான் விமர்சனம் என்றொரு மூடநம்பிக்கை இருக்கிறது. டீக்கடையில் "செம போர்டா, எழுந்து வந்துட்டேன்" என்பதும் தீர்ப்புதான், ஒரே வரி. ஆனால் அதைச் சொல்கிறவன் நம் எதிரில் நிற்கிறான். அவன் யாருடைய ரசிகன், போன வாரம் எதைத் தூக்கிவைத்துப் பேசினான் என்பதெல்லாம் தெரியும். அவனிடம் சண்டை போடலாம். 1935இல் 'நந்தனார்' படத்தைப் பார்த்த கல்கி, மனிதர்களைவிட மரங்களும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட எழுதினார். அதுவும் சுருக்கம்தான், ஆனால் எதைக் குறைத்தார் என்று தெரிகிறது. பிரான்ஸின் 'கையே து சினிமா' 1950களிலேயே நட்சத்திரப் பட்டியல் போட்டது. பத்துப் பேருடைய பெயர்கள் மேலே, படங்கள் பக்கவாட்டில். ஒரே படத்துக்கு ஒருவர் அள்ளிக் கொடுத்திருப்பார், பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவர் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார். கருத்து வேறுபாடு அச்சிலேயே தெரிந்தது. நம்மிடம் அது ஒற்றை எண்ணாகக் கரைக்கப்பட்டது.

இதைவிட முக்கியமான சிக்கல், மதிப்பெண் படத்தைத் துறைகளாக வெட்டுவது. கதை, திரைக்கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு. இந்தக் கட்டங்களுக்குள் விழாத எதுவும் கணக்கில் வராது. 'தேவர் மகன்' (1992) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தேசிய விருதுகள். ஒளிப்பதிவில் குறை சொல்ல முடியுமா, நடிப்பில் முடியுமா? கோயில் பூட்டை உடைத்ததற்காகக் கை வெட்டப்பட்டு, அதற்குப் பிறகும் அந்த வீட்டையே சுற்றிவருகிற இசக்கிக்கு எந்தக் கட்டத்தில் குறைப்பது? அப்படியொரு கட்டமே கிடையாது. 31 ஆண்டுகள் கழித்து, 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனையும் வடிவேலுவையும் எதிரில் வைத்துக்கொண்டு மாரி செல்வராஜ் தேவர் மகன் தன்னை எப்படி அலைக்கழித்தது என்று பேசினார். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றார். பெயர் போட்டு, முகம் காட்டி, ஒரு படத்தையே பதிலாக எடுத்து வைத்த தீர்ப்பு அது. அதற்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். வார இதழ் ஒன்றில் இரண்டு வருடம் குறுவிமர்சனம் எழுதியிருக்கிறேன். ஐம்பது சொல், கீழே நட்சத்திரம். 'மண்வாசனை', 'யதார்த்தம்', 'இரண்டாம் பாதியில் தொய்வு' என்று கையிருப்பில் பத்துப் பதினைந்து சொற்கள் இருந்தால் போதும், வண்டி ஓடிவிடும். ஒரு படத்துக்கு 'கிராமத்து வாழ்க்கை அப்படியே' என்று எழுதினேன். கூடப் படித்த நண்பர் போன் பண்ணினார். "எந்தக் கிராமம்யா? ஊருக்குள்ள நின்னு பாத்தியா, காலனியில நின்னு பாத்தியா?" என்னிடம் பதில் இல்லை. படத்தில் காலனியே இல்லை என்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. 'யதார்த்தம்' என்ற சொல் எனக்குப் பதிலாகப் படத்தைப் பார்த்துவிட்டிருந்தது. அந்த வாரத்தோடு அந்தப் பத்தியை விட்டேன்.

இப்போது நிலைமை வேறு. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான பிறகு, 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களின் வசூலை விமர்சனங்கள் பாதித்தன என்று தயாரிப்பாளர் சங்கம் அறிக்கை விட்டது. யூடியூப்காரர்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடக்கூடாது என்றது. அடுத்த மாதம், முதல் மூன்று நாள் விமர்சனங்களுக்குத் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. மூன்று நாள் என்ற கணக்கு தற்செயலானதல்ல. நூறு நாள் ஓடிய படங்களின் காலத்தில் தீர்ப்பு ஒரு வாரம் பிந்தி வந்தாலும் நஷ்டமில்லை. இன்று முதல் வெள்ளி, சனி, ஞாயிறுதான் முதலீடு திரும்பும் நாட்கள். இதே தயாரிப்பாளர்கள் நாலு நட்சத்திரம் கிடைத்தால் அதை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நட்சத்திரத்தின் மீது கோபமில்லை, எண்ணிக்கையின் மீதுதான் கோபம்.

இதில் நாம் எந்தப் பக்கம்? தடைக்கு எதிராக நிற்க வேண்டும், அதில் தயக்கமே கூடாது. டிக்கெட் வாங்கியவனுக்குப் படம் மொக்கை என்று சொல்ல உரிமை உண்டு, முதல் காட்சி முடிந்த அந்த நிமிடமே உண்டு. ஆனால் அந்த உரிமையைக் காப்பாற்றுகிற நாம், ஐந்துக்கு இரண்டரை என்பதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மீதி இரண்டரை எங்கே, எந்த இடத்தில் சுழித்தாய், நீ எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்க வேண்டும். ஒரே வரியில் பதில் சொன்னாலும் போதும்.

அடுத்த முகாமுக்கு அந்த மூத்த ஆசிரியர் வரமாட்டார், ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்: "ஒங் கேள்விய வீட்ல போய் யோசிச்சேன்யா. நானா இருந்தா அந்தப் படத்துக்கு எதக் கொறைப்பேன்னு." எதைக் குறைத்தார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யோசித்திருக்கிறார். விமர்சனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.