காத்திருக்கும் கட்டுக்குப் புதுச்சீட்டு

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் கன்ட்ரோல் கட்டு என்பது வெல்வதற்கு அவசரப்படாத கட்டு. எதிராளி இறக்குவதை மறுக்கும், இறங்கியதை அழிக்கும், இடையிடையே தன் கையை நிரப்பிக்கொள்ளும். எதிராளியிடம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாத பிறகு ஒன்றிரண்டு சீட்டுகளால் ஆட்டத்தை முடிக்கும். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த இந்த ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் பல புதிய தொகுப்புகள் வருகின்றன. ஒரு பெருந்தொகுப்பில் 200க்கு மேற்பட்ட சீட்டுகள் இருந்தாலும் கன்ட்ரோல் கட்டுக்குள் நுழையத் தகுதியுள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அந்தச் சிலவற்றை, யாரும் ஆடிப்பார்ப்பதற்கு முன்பே, எழுத்தை வாசித்த அளவில் இனங்காண்பது தனி வித்தை.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன்வரை ஈழத்தமிழர் ஆடும் 304இல் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று மதிப்பு முன்கூட்டியே தீர்ந்திருக்கிறது. நான்கு இனத்தையும் கூட்டினால் 304. துரும்பு மாறினாலும் ஜாக்கின் புள்ளி மாறாது. மேஜிக்கில் சீட்டின் மேல் விலை உண்டு, மதிப்பு கிடையாது. மூலையில் அச்சிட்டிருப்பது அதை ஆட எத்தனை மானா, அதாவது நிலச் சீட்டுகளைச் சாய்த்துப் பெறும் ஆற்றல், வேண்டும் என்பது மட்டுமே. அந்த மானா தகுமா என்பதை எந்தக் கட்டில், எந்த முறையில், யாருக்கு எதிரே என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

கன்ட்ரோல் கட்டின் இலக்கணம் வெகு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 1990களின் நடுவில் அமெரிக்க ஆட்டக்காரர் பிரையன் வைஸ்மன் கட்டிய, 'த டெக்' என்றே பெயர் பெற்ற கட்டில், எதிராளியை அடித்து வீழ்த்தப் பெரும்பாலும் இரண்டே செரா ஏஞ்சல்கள் இருந்தன. மற்றதெல்லாம் தடுப்பும், அழிப்பும், கை நிரப்பலும். வெல்லும் சீட்டுகள் இவ்வளவு குறைவாக இருந்தும் கட்டு வென்றது. எதிராளி ஒரு சீட்டு செலவிட்டால் தானும் ஒன்று செலவிடுவது, எப்படியாவது ஓரிரு சீட்டு கூடுதலாக இழுப்பது என்ற கணக்கில் ஆட்டம் நீண்டால் முடிவு ஒருபக்கமாகத்தான் சாயும். புதிய சீட்டை எடைபோடுபவர்கள் பலரும் இந்தச் சீட்டுக்கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்றுக்கு இரண்டு கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். அது பாதி உண்மை. இன்னொரு பாதி, அந்தச் சீட்டு ஆடுபவரைக் காத்திருக்க விடுகிறதா என்பது.

தன் முறையில் நிலங்களைச் சாய்த்து மானாவைச் செலவழித்துவிட்டால், எதிராளியின் முறையில் கன்ட்ரோல் ஆட்டக்காரர் வெறுங்கையர். மறுப்புச் சீட்டு கையில் இருந்தும் பயனில்லை. அதனால் எதிராளியின் முறையிலும் ஆடக்கூடிய இன்ஸ்டன்ட் வகைக்கு இந்தக் கட்டில் தனி மரியாதை. 2022இல் காமிகாவா: நியான் டைனஸ்டி தொகுப்பில் வந்த வாண்டரிங் எம்பரர் இதற்கு அழகான சாட்சி. பிளேன்ஸ்வாக்கர் வகைச் சீட்டுகள் வழக்கமாகத் தன் முறையில்தான் இறங்கும். நான்கு மானா கேட்கும் இதுவோ எதிராளியின் முறையிலும் இறங்கும். இறங்கிய அந்த முறையிலேயே, அங்கேயே வேலையும் செய்யும். எதிராளியின் உயிரி தாக்கவந்து சாய்ந்து நின்றால் அதை ஆட்டத்தைவிட்டே நீக்கும். அவர் தாக்காமல் முறையை முடித்தால் இரண்டுக்கு இரண்டு வலிமையுள்ள சாமுராய் ஒன்றை இறக்கி வைக்கும். நிமிர்ந்து நிற்கும் நான்கு நிலங்களைப் பார்க்கும் எதிராளிக்கு, எதிரே இருப்பது மறுப்பா, எம்பரரா, சீட்டு இழுக்கும் மந்திரமா என்று தெரியாது. தாக்கினாலும் தவறு, தாக்காவிட்டாலும் தவறு என்ற நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. புதுச்சீட்டைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. அதே மானாவுக்கு அதே நேரத்தில் கட்டில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2021இல் வந்த மெமரி டெலூஜ் நான்கு மானாவுக்குக் கட்டின் மேல் நான்கு சீட்டுகளைப் புரட்டி இரண்டைக் கைக்குத் தரும். பின்னொரு முறையில், ஆடி முடித்த சீட்டுகள் சேரும் கல்லறையிலிருந்தே ஏழு மானாவுக்கு மறுபடி ஆடினால் ஏழைப் புரட்டி இரண்டைத் தரும். தனியே பார்த்தால் நல்ல சீட்டு. எம்பரருடனும் மறுப்புச் சீட்டுகளுடனும் ஒரே நான்கு நிலங்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போதுதான் அது சிறந்த சீட்டு ஆகிறது. எதிராளி ஏதாவது ஆடினால் மறுப்பு, ஆடாவிட்டால் டெலூஜ். எந்த முறையிலும் மானா வீணாவதில்லை.

மறுப்புச் சீட்டுகளைத் தரம்பிரிப்பது சற்று நுணுக்கமான வேலை. 1993இன் முதல் தொகுப்பிலேயே வந்த கவுன்டர்ஸ்பெல் இரண்டு நீல மானாவுக்கு எதையும் மறுக்கும், நிபந்தனை இல்லை. 1998இல் வந்த மானா லீக்கும் இரண்டு மானாதான். ஆனால் எதிராளி மூன்று மானா கூடுதலாகக் கட்டினால் தப்பிக்கலாம். மூன்றாம் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. பத்தாம் முறையில் முன்னது வாள், பின்னது காகிதம். ஆட்டத்தை நீட்டுவதையே தொழிலாகக் கொண்ட கட்டுக்கு நாளாக நாளாகத் தேயும் சீட்டு உள்முரண். இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வுகளை ரசித்துப் பார்க்கலாம். 2017இன் சென்சர் ஒரு மானா கட்டினால் தப்பிக்கக்கூடிய பலவீனமான மறுப்பு. எனினும் ஒரே ஒரு நீல மானாவுக்கு அதைக் கழித்துவிட்டு வேறு சீட்டு இழுக்கலாம். முதலில் மறுப்பாக வாழ்ந்து, முதுமையில் புதுச்சீட்டாக மறுபிறவி எடுக்கிறது. 2024இன் த்ரீ ஸ்டெப்ஸ் அஹெட் மூன்று மானாவுக்கு நிபந்தனையற்ற மறுப்பு. ஐந்து இருந்தால் மறுத்துவிட்டு இரண்டு சீட்டு இழுத்து ஒன்றைக் கழிக்கலாம். மறுக்க ஒன்றுமே இல்லாத வேளையில் மூன்றுக்கு இழுப்பை மட்டும் ஆடலாம். மூன்று மானா மறுப்பு மெதுவானது என்று அதைக் கண்டதும் ஒதுக்குபவர் கட்டணத்தை மட்டும் வாசித்தவர்.

களத்தைத் துடைக்கும் சீட்டுகளைக் கணக்கோடு பார்க்க வேண்டும். 1993இன் ராத் ஆஃப் காட் நான்கு மானாவுக்கு எல்லா உயிரிகளையும் அழித்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த இனத்தின் உரைகல் அதுவே. 60 சீட்டுக் கட்டில் இப்படிப்பட்ட சீட்டு நான்கு பிரதிகள் இருக்கட்டும். முதலில் ஆடுபவர் நான்காம் முறைக்குள் பத்துச் சீட்டுகளைப் பார்த்திருப்பார். அவற்றில் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 53 விழுக்காடு. பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஐந்து மானா துடைப்பு வந்தால், ஒரு முறை தாமதமாகிறதே என்பதைவிட, அது வரும்வரை உயிரோடிருக்க ஒன்று, இரண்டு மானா சீட்டுகள் கட்டில் போதுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2023இன் சன்ஃபால் இந்தக் கேள்விக்குத் துணிச்சலான பதில் தந்தது. ஐந்து மானாவுக்கு எல்லா உயிரிகளையும் கல்லறைக்குக்கூட அனுப்பாமல் ஆட்டத்தைவிட்டே நீக்கும். நீக்கிய எண்ணிக்கைக்கு ஏற்ற பருமனில் பின்னர் விழித்தெழும் ஒரு முட்டையையும் விட்டுச்செல்லும். துடைப்பதும் வெல்வதும் ஒரே சீட்டில். கட்டில் ஓர் இடம் மிச்சம் என்பதுதான் அந்தக் கூடுதல் ஒரு மானாவுக்குக் கிடைக்கும் ஊதியம்.

முடிக்கும் சீட்டுகளில் டெஃபேரி, ஹீரோ ஆஃப் டொமினேரியாவைத் தாண்டி நேர்த்தி உண்டா என்பது வாதத்துக்குரியது. 2018இல் வந்த இந்தச் சீட்டின் கட்டணம் ஐந்து. இறங்கியதும் ஒரு சீட்டு இழுக்கும். முறை முடிகையில் சாய்ந்த நிலங்களில் இரண்டை நிமிர்த்தும். ஐந்து நிலங்களையும் செலவழித்தவர் கையில் இரண்டு மானா மறுப்புடன் எதிராளியின் முறைக்குள் நுழைகிறார். காத்திருப்பின் கோட்பாடே சீட்டாக அச்சேறியது போன்ற ஒன்று. களத்திலுள்ள ஒன்றைக் கட்டின் மேலிருந்து மூன்றாம் இடத்துக்குத் திருப்பி அனுப்பும் அதன் இன்னொரு திறனைத் தன்மீதே பிரயோகித்து, கட்டு ஒருபோதும் தீராமல் பார்த்துக்கொண்டு, வேறு முடிக்கும் சீட்டே இல்லாமல் வென்ற கட்டுகளும் இருந்தன. ரசிகனுக்கு அது கவிதை. கடிகாரத்துக்கு அல்ல. போட்டிச் சுற்றுகள் வழக்கமாக 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். நேரம் முடிந்தால் கூடுதலாக ஐந்து முறைகள் மட்டுமே. வெள்ளி மாலை கடைப் போட்டியில் வென்ற நிலையிலேயே டிராவில் எழுந்து போகும் கன்ட்ரோல் ஆட்டக்காரர் அரிதல்ல. புதிய முடிக்கும் சீட்டு எத்தனை முறைகளில் உண்மையாக முடிக்கும் என்று எண்ணிப்பார்ப்பது கௌரவக் குறைச்சலில்லை.

அடுத்த ஆண்டு அதே டெஃபேரி இன்னொரு வடிவில் வந்தார். வார் ஆஃப் த ஸ்பார்க் தொகுப்பின் டெஃபேரி, டைம் ரேவலர் மூன்று மானாவுக்கு இறங்கி, எதிராளி தன் முறையில் சாவகாசமான வேளையில் மட்டுமே மந்திரம் ஆடலாம் என்று கட்டுப்படுத்தினார். அதாவது இரு கன்ட்ரோல் கட்டுகள் மோதும்போது முதலில் அவரை இறக்கியவர் மற்றவரின் காத்திருப்பையே பறித்துவிடுவார். மறுப்புச் சீட்டுகள் மறுபக்கம் கையிலேயே செத்துக் கிடந்தன. 2020 ஆகஸ்டில் ஸ்டாண்டர்ட் வகை ஆட்டத்தில் அவர் தடைசெய்யப்பட்டதில் பலருக்கு நிம்மதி.

லண்டனுக்கு இந்த மதிப்பீட்டுக் கலையில் நேரடிப் பங்கு உண்டு. 2019 ஏப்ரல் இறுதியில் அங்கு நடந்த மிதிக் சாம்பியன்ஷிப் என்ற மேஜிக் போட்டியில் தொடக்கக் கையை மாற்றிக்கொள்ளும் விதி, அதாவது மல்லிகன், புது வடிவில் சோதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய விதியில் ஏழு சீட்டு பிடிக்காதவர் ஆறு சீட்டுதான் எடுப்பார். அந்தக் கையோடு தொடங்கினால் கட்டின் மேல் சீட்டு ஒன்றை எட்டிப்பார்க்கலாம். புதிய விதியில் ஒவ்வொரு தடவையும் ஏழு எடுத்து, எத்தனை தடவை மாற்றினாரோ அத்தனை சீட்டுகளைக் கட்டின் அடிக்கு அனுப்புவார். குறிப்பிட்ட ஓரிரு சீட்டுகளைத் தேடும் கட்டுகளுக்கு இது விருந்தாகிவிடுமோ என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஆயினும் கோப்பையை எடுத்தவர் ஹ்யூமன்ஸ் என்ற தாக்குதல் கட்டோடு வந்த எலை லவ்மன். அந்த ஜூலையில் கோர் செட் 2020உடன் விதி நிரந்தரமானது. பாரிஸ், வான்கூவர் என்று முன்பு நகரப் பெயர் தாங்கிய விதிகளின் வரிசையில் இது லண்டன் மல்லிகன் ஆயிற்று.

கன்ட்ரோல் கட்டுக்கு இதன் விளைவு இருமுனை உடையது. ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு என்று கணக்குத் தீர்க்கும் கட்டுக்கு ஆறு சீட்டோடு தொடங்குவது எப்போதுமே வலி, அது மாறவில்லை. ஆனால் எதை இழப்பது என்பதை இப்போது ஆடுபவரே தேர்கிறார். இரண்டு ஆறு மானா சீட்டுகள் ஒன்றாக வந்த கை முன்பு சாபம். இப்போது, மாற்றி எடுத்த கையாக இருந்தால், ஒன்று அடிக்குப் போய்விடும். இதனால் விலையுயர்ந்த ஒற்றைப் பிரதிகள் சற்றே மலிவாகிவிட்டன. அதேசமயம் எதிராளியும் தன் உயிர்நாடிச் சீட்டை முன்னைவிட அடிக்கடி தொடக்கத்திலேயே பிடிப்பார். ஆகவே மூன்றாம் முறைக்கு முன் வேலை செய்யாத தடுப்புகள் மதிப்பிழந்தன. 2019க்கு முந்தைய மதிப்பீடுகளை அப்படியே நம்பிப் பழைய சீட்டுகளைக் கட்டுக்குள் இழுப்பவர்கள் இந்த நகர்வைக் கவனிப்பதில்லை.

கடைசியாக இடப்பிரச்சினை. கன்ட்ரோல் கட்டில் 26 நிலங்கள் என்று வைத்தால் எஞ்சுவது 34 இடங்கள். புதுச்சீட்டு நல்லதா என்ற கேள்வி அங்கே முழுமையாகாது. எது வெளியே போகும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மறுப்பைக் குறைத்து இழுப்பைக் கூட்டினால் எதிராளியின் ஆறாம் முறைப் பெருமந்திரம் தடையின்றி இறங்கும்; துடைப்பைக் குறைத்தால் சிறு உயிரிக் கூட்டம் நான்காம் முறையில் ஆட்டத்தை முடிக்கும். யாருக்கு எதிரே ஆடப்போகிறோம் என்று தெரியாமல் இதற்கு விடையில்லை. ஒரு கடையில் பாதிப்பேர் தாக்குதல் கட்டோடு வருவார்கள் என்றால் அங்கே சன்ஃபாலுக்கு இடம் உண்டு. அடுத்த பேட்டையில் எல்லோரும் கன்ட்ரோல் என்றால் அதே சீட்டு கையில் தூங்கும். அப்படிப்பட்ட சீட்டுகளை 15 சீட்டுகள் கொண்ட சைட்போர்டில் வைத்து, முதல் ஆட்டம் முடிந்தபின் தேவைப்பட்டால் உள்ளே கொண்டுவருவது வழக்கம். தேறிய புதுச்சீட்டுகள் பலவும் முதலில் அங்கேதான் ஒற்றைப் பிரதியாக இடம்பிடிக்கின்றன. கையில் வந்தபோதெல்லாம் ஆட முடிந்ததா, எதிராளி எதுவும் செய்யாத முறையிலும் பயன்பட்டதா என்று சில வாரங்கள் பார்த்தபின்பே இரண்டாவது பிரதி.