கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்!

தென்காசியில் எங்கள் வீட்டுக்குத் தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை. பார்க்கக் கண்ணாடிதான், ஆனால் கோலிக்குண்டை வைத்தால் தானாக மூலைக்கு ஓடும். பீரோவின் ஒரு காலுக்கு எப்போதும் மடித்த அட்டை. குற்றாலத்தில் சீசன் களைகட்டிய ஒரு ஆடியில், அவசரப்பட்டு அந்தத் தரை மேல் வினைல் கார்பெட்டை விரித்தேன். பள்ளத்தில் அப்பளமாக உப்பி, மேட்டில் தேய்ந்து, அடியில் ஈரம் கோத்து, வீடெல்லாம் பூஞ்சை வாடை!

இந்தச் சித்திரையில் வந்தார் ஒரு கொத்தனார். கையில் கரணைகூட இல்லை, சுருட்டிய பிளாஸ்டிக் டியூப் மட்டும். அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு குமிழிகூட மிச்சமில்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினார். குமிழி இருந்தால் மட்டம் தப்பிவிடுமாம். ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்.

"கண்ணு சொல்லுதத நம்பாதீய அண்ணாச்சி, தண்ணி சொல்லுதத நம்புங்க!"

நீர் நின்ற உயரத்தில் புள்ளி வைத்து நாலு சுவரிலும் கோடு போட்டோம். எதிரெதிர்க் கோடுகளுக்கு நடுவே நூலைக் கட்டி, நூலிலிருந்து தரைக்கு அளந்தால், நடுவில் மேடு, ஜன்னலோரம் பள்ளம், வித்தியாசம் 9 மில்லிமீட்டர்! எங்கள் குடும்பமே நடந்து தேய்த்த தரையின் ஜாதகம் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

அடுத்து ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டோம். அடியில் ஒரு சொட்டு நீர் கோக்கவில்லை. ஆரியங்காவு கணவாய் வழியே சாரல் வீசும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சித்திரை வெயில்தான் சரி.

பிறகு கொத்தனார் மேட்டைத் தேய்த்தார். வழவழப்பான ஆக்சைடில் எதுவும் பிடிக்காது என்பதால் தரை முழுவதையும் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, பிரைமர் அடித்தார். பிறகுதான் அற்புதம்! செல்ஃப் லெவலிங் கலவை என்று மூட்டையில் வரும் சிமெண்ட் பொடி. அதில் சொன்ன அளவுக்குத்தான் தண்ணீர். கூடினால் மேலே சுண்ணாம்பாகப் பொரியும். நீர்தோசை மாவுப் பதத்தில் கரைத்து ஊற்றினால், அதுவே ஓடிப்போய்ப் பள்ளத்தைத் தேடி நிறைகிறது! கால் மணி நேரத்துக்குள் பரப்பி, முள் உருளையை உருட்டிக் காற்றுக் குமிழிகளை உடைத்தார். நான் காபியை மறந்து வாய் பிளந்து நின்றேன்.

நன்றாகக் காய்ந்ததும் ஆறடி மட்டப்பலகையை வைத்துப் பார்த்தோம். அடியில் ஒரு ரூபாய் நாணயம்கூட நுழையவில்லை! பீரோவுக்கு அட்டை கொடுத்த காலம் போயே போச்சு.

இப்போது வருகிறவர்களெல்லாம் அதன் மேல் விரித்த புதுக் கார்பெட்டைப் பாராட்டுகிறார்கள். நான் விடுவேனா? ஓரத்தைத் தூக்கித் தரையைக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுக்கிறேன்.