இறங்கும் இடம்

இருட்டில் ரயில் நிற்கிறது. தான் போக வேண்டிய ஊர் வந்துவிட்டது என்று நினைத்து, ஓர் இளம்பெண் அவசர அவசரமாகச் சாமான்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறாள். பெயர் மார்கரெட் ஏர்ல். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவள். அரிசோனாவில் ஆஷ்லண்ட் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வேலை கிடைத்து, தன்னந்தனியாக வந்திருக்கிறாள். கால் தரையில் பட்ட பிறகுதான் தெரிகிறது, அங்கே பிளாட்பாரம் இல்லை, விளக்கு இல்லை, அழைத்துப்போக வந்த ஆளும் இல்லை. ரயில் கிளம்பிவிட்டது. நாலாபுறமும் பாலைவனம். துணைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது.

கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் 1916இல் வெளியிட்ட ‘எ வாய்ஸ் இன் தி வில்டர்னஸ்’ நாவலின் தொடக்கம் இது. ‘வனாந்தரத்தில் ஒரு குரல்’ என்று தலைப்பைத் தமிழில் சொன்னால், வேதாகமம் அறிந்தவர்களுக்கு யோவான் ஸ்நானகனின் நினைவு வரும். ஆனால் உள்ளே நுழைந்ததும் நமக்குக் கிடைப்பது ஒரு காதல் கதை. பக்தியும் சிரிப்பும் புது வாழ்வும் ஒன்றாகக் கலந்த கதை. ‘கிறிஸ்தவக் காதல் நாவல்’ என்று இன்று ஆங்கிலத்தில் தனி வகையாக வளர்ந்து நிற்கும் எழுத்துக்கு வழி போட்டவர்களில் ஹில் முக்கியமானவர். இந்த வகையைப் பிரசங்கம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு, பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அதில் ஒரு நுட்பமான கைத்திறன் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் காட்ட இந்த ஒரு காட்சியே எனக்குப் போதும்.

ரயில் ஏன் அங்கே நின்றது? நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஓயாமல் வேண்டும். வறண்ட நிலத்தில் ஊர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீர் தீரும் தூரத்துக்குள் ஒரு தொட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும். எஞ்சின் அங்கே நின்று குடித்துவிட்டுப் போகும். பயணிகள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. எஞ்சினுடைய தாகத்தைத் தன் ஊர் என்று நினைத்துவிட்டாள் மார்கரெட். ஹில் இதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. 1916இன் வாசகருக்கு அது சொல்லாமலே புரியும். நம்மிலும் கரி எஞ்சினில் பயணம் செய்த தலைமுறைக்கு, நடுவழியில் வண்டி நின்று தண்ணீர் பிடித்த நினைவு இருக்கும். அரிசோனா அமெரிக்காவின் 48ஆவது மாநிலமாகி அப்போது நான்கே ஆண்டுகள். ஊர்கள் குறைவு, இடைவெளி அதிகம். தவறி இறங்கினால் திரும்பி ஏற வழியில்லாத நிலம்.

இந்த இறங்குதலில்தான் கதையின் நகைச்சுவை பிறக்கிறது. படித்தவள், எல்லாவற்றையும் ஒழுங்காகத் திட்டமிட்டவள், ஓர் ஊருக்கே அறிவு புகட்டக் கிளம்பியவள். அவளுடைய முதல் அடியே தப்படி. ஆசிரியர் அவளை அவமானப்படுத்துவதில்லை. அவளுடைய பயத்தை நாமும் முழுசாகப் படுகிறோம். ஆனால் அந்த ராத்திரி கழிந்த பிறகு அவள் யாருக்கும் உயரத்திலிருந்து பேச முடியாது. வழி தெரியாமல் நின்றவள், வழி தெரிந்த ஒருவனின் கையை நம்பி ஊர் வந்து சேர்ந்தவள் என்ற பாடம் நாவல் முழுக்க அவள் கூடவே வருகிறது.

அந்தக் கைக்கு உரியவன் லான்ஸ் கார்ட்லி. அவனும் கிழக்கிலிருந்து வந்தவன்தான். நல்ல இடத்துப் பையன், கெட்ட சகவாசத்தில் சரிந்து மேற்கே வந்து கிடப்பவன். அவளுக்கு இது புது வேலை. அவனுக்கோ, வாழ்க்கையையே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம். இருவரும் பாலைவன இருட்டில் சந்திக்கும்போது யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. அவன் அவளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். அவளுடைய எளிய விசுவாசம் அவனை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகத் தொடங்குகிறது.

சிரிப்பு முழு வீச்சில் வருவது மிஸஸ் டானர் வீட்டில். மார்கரெட் தங்கிச் சாப்பிடும் வீடு அது. அந்த அம்மாள் வாய் ஓயாது, இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாது. வெகுளி மனசு. அவளுடைய மகன் பட், புது டீச்சர்மேல் உயிரையே வைத்துவிடும் பையன். இதே வீட்டுக்கு வந்து சேர்கிறார் வெஸ்ட் என்ற பாதிரியார். படிப்பு அதிகம், அதைவிடத் தன்னைப் பற்றிய மதிப்பு அதிகம். இந்தக் காட்டு ஜனங்களுக்குத் தான் எவ்வளவு உயரத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அவர் முகத்திலேயே தெரியும். புரியாத பெரிய சொற்களைக் கோத்துப் பிரசங்கம் செய்கிறார். கேட்பவர்கள் மாடு மேய்ப்பவர்களும் கூலியாட்களும். அவர்களில் யாருக்கும் அதில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை. பட்டுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

பக்தி மிகுந்த ஒருவர் எழுதிய நாவலில் கேலிக்கு ஆளாகிறவர் பாதிரியார்! ஹில்லின் துணிச்சலும் நேர்மையும் எனக்கு இங்கேதான் தெரிகின்றன. அவரே ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகரின் மகள், ஒரு போதகரின் மனைவி. இந்த நாவலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1914இல், இதே அரிசோனா மண்ணில் ‘தி மேன் ஆஃப் தி டெசர்ட்’ என்று வேறொரு நாவல் எழுதியிருந்தார். அதில் தன் அப்பாவின் தனி ரயில் பெட்டியில் பயணம் செய்யும் பணக்காரப் பெண் ஹேசல் பாலைவனத்தில் வழி தவறுகிறாள். அவளைக் காப்பாற்றுகிற ஜான் பிரவுன்லி ஒரு மிஷனரி. அவன் முதல் பக்கத்திலேயே தங்கம், கடைசிப் பக்கத்திலும் தங்கம். உருக்கமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சிரிக்க இடமே இல்லை. இரண்டாவது நாவலில் ஹில் இடத்தை மாற்றிப் போட்டார். குருப்பட்டம் பெற்றவர் சிரிப்புக்கு ஆளானார், சரிந்து விழுந்தவன் நாயகனானான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். நகைச்சுவை ஒரு கதைக்குள் எத்தனை ஜன்னல்களைத் திறக்கிறது என்று தெரியும். விழத் தெரிந்தவனால்தான் எழவும் முடியும். வெஸ்டுக்குத் தன் உயரத்தைவிட்டு இறங்க மனமில்லை. அவரிடம் எனக்குத் தெரியும் பெரிய குறை இதுதான்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உடல் சார்ந்த வர்ணனை கூடாது. மற்ற காதல் கதைகளில் தொடுதல் செய்யும் வேலையை இங்கே வேறு ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு பார்வை, சேர்ந்து பாடும் ஒரு பாட்டு, ஒரே மேசையில் உண்ணும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. இருவர் ஒரே விஷயத்துக்கு ஒரே கணத்தில் சிரிக்கும்போது உண்டாகும் நெருக்கத்தை நல்ல எழுத்தாளர்கள் அறிவார்கள். கட்டுப்பாடுதான் கைத்திறனைத் தீட்டியிருக்கிறது. வெண்பாவுக்குத் தளை எப்படியோ, இதற்கு இது.

பாலைவனத்தில் காதலும் சிரிப்பும் ஹில் கண்டுபிடித்தவை அல்ல. அவர் தினமும் வாசித்த வேதாகமத்திலேயே அவை இருக்கின்றன. ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாய் சாராளை இழந்த துக்கத்தில் தென்திசை வறண்ட நாட்டில் இருக்கிறான் ஈசாக்கு. சாயங்காலத்தில் வெளிக்குப் போய்த் தியானம் செய்கிறான். தொலைவில் ஒட்டகங்கள் வருகின்றன. அதில் ஒன்றின் மேல், பார்த்தே இராத ஒருவனுக்கு மனைவியாகப் போகச் சம்மதித்துப் பிறந்த வீட்டைவிட்டு வந்த ரெபெக்காள். அவனைக் கண்டதும் அவள் ஒட்டகத்தைவிட்டு இறங்கினாள் என்று நம் தமிழ் வேதாகமம் மரியாதையாகச் சொல்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல்லின் நேர்ப் பொருள் ‘விழுதல்’. வேகமாக இறங்கினாள் என்றும் கொள்ளலாம், தடுமாறி விழுந்தாள் என்றும் கொள்ளலாம். நான் விழுந்தாள் என்றே வாசிக்க ஆசைப்படுகிறேன். அடுத்த கணம் அவர் யார் என்று வேலைக்காரனிடம் கேட்டு, முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அந்தப் பதற்றம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது! தாயை இழந்தவன் ஆறுதல் அடைந்தான் என்று அதிகாரம் முடிகிறது.

யாத்திராகமத்தின் 2ஆம் அதிகாரம் இன்னும் அருமை. கொலை செய்துவிட்டு எகிப்திலிருந்து ஓடிவந்த மோசே, மீதியான் தேசத்தில் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறான். அரண்மனையில் வளர்ந்தவன், இப்போது ஒன்றுமில்லாதவன். ஆசாரியனின் ஏழு பெண்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வருகிறார்கள். மேய்ப்பர்கள் அவர்களை விரட்ட, இவன் எழுந்து உதவி செய்கிறான், ஆடுகளுக்கும் தண்ணீர் காட்டுகிறான். பெண்கள் வீடு திரும்புகிறார்கள். இன்றைக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று அப்பா கேட்கிறார். ஓர் எகிப்தியன் உதவினான் என்று சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தாங்கவில்லை. அவன் எங்கே, ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள், சாப்பிடக் கூப்பிடுங்கள் என்கிறார். ஏழு பெண்களை வைத்திருக்கும் தகப்பனின் அவசரம் அதில் எப்படித் தெறிக்கிறது பாருங்கள். நாலே வரிகளில் ஒரு குடும்பமே நம் கண்முன் நிற்கிறது. அந்த வீட்டின் சிப்போராளைத்தான் மோசே மணக்கிறான். புதிய வாழ்க்கை ஒரு சாப்பாட்டு அழைப்பில் தொடங்குகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு சுவையும் உண்டு. நம் அக மரபில் பாலை பிரிவுக்குரிய நிலம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாவதாக இளங்கோ சொல்கிறார். பொருள் தேடிப் போன தலைவன் அந்த வழியில் நடக்க, தலைவி வீட்டில் இருந்து ஏங்குவாள். வேதாகமத்திலும் ஹில்லிடமும் அதே வெந்த நிலம் சந்திப்புக்கு உரியதாக இருக்கிறது. குறிஞ்சி செய்யும் வேலையைப் பாலை செய்கிறது. நம் உடன்போக்குப் பாட்டுகளில் மட்டும் காதலர் இருவர் சேர்ந்து அந்தச் சுரத்தைக் கடக்கிறார்கள். மார்கரெட்டையும் கார்ட்லியையும் வாசிக்கும்போது என் மனம் அந்தப் பாட்டுகளுக்குத்தான் போகிறது.

ஹில் இதையெல்லாம் வசதியாக உட்கார்ந்து எழுதவில்லை. 1865இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1892இல் மணந்த கணவர் 1899இல் இறந்துபோனார். கையில் இரண்டு சிறு பெண் குழந்தைகள். அதுவரை விருப்பத்துக்கு எழுதிய பேனா அன்று முதல் சோறு போடும் பேனாவானது. இரண்டாவது திருமணம் நிலைக்கவில்லை. 1947இல் இறக்கும்வரை எழுதி, நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களை விட்டுப்போனார். எல்லாம் போன பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த வாழ்க்கையைவிட வேறு காரணம் வேண்டுமா?

மார்கரெட்டைப் போலக் கிழக்கிலிருந்து மேற்கே வேலைக்கு வந்த பெண்கள் வெறும் கற்பனையும் அல்ல. சாண்டா ஃபே ரயில் பாதை நெடுக ஃபிரெட் ஹார்வி நடத்திய உணவகங்களில் பரிமாற, 1883 முதல் கிழக்கிலிருந்தும் மத்திய மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரனோடு மேற்கே வந்தார்கள். ‘ஹார்வி கேர்ள்ஸ்’ என்று பெயர். நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வேலை பார்த்து, அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டவர்கள் பலர். இன்றைய கிறிஸ்தவ எழுத்தாளர்கள் அவர்களை வைத்தும் நாவல்கள் எழுதுகிறார்கள். ஹில் போட்ட தடத்தில் ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ 1979இல் வந்தது. அதன் களம் புல்வெளி நிலம். வழியில் கணவனை இழந்த நாயகி மார்ட்டிக்குச் சமைக்கத் தெரியாது. வேளாவேளைக்கு அவள் அப்பமாகச் சுட்டுப்போட, புதுக் கணவன் வாய் திறக்காமல் சாப்பிடுகிறான். துக்கத்தையும் சிரிப்பையும் ஒரே தட்டில் வைத்த இடம் அது. 2007இல் ‘பெட்டிகோட் ராஞ்ச்’ எழுதிய மேரி கானலி, டெக்சாஸ் மண்ணில் சிரிப்பையே முன்னால் நிறுத்தினார்.

குறையையும் சொல்ல வேண்டும். அரிசோனா நவாஹோ, ஹோப்பி, அப்பாச்சி மக்களின் மண். ஹில்லின் பக்கங்களில் அந்த மண்ணின் மக்கள் முழு மனிதர்களாக உருப்பெறவில்லை. நிழலாகவும் சந்தேகத்துக்கு உரியவர்களாகவும் வந்துபோகிறார்கள். வந்தேறிகளின் புது வாழ்வுக்கு யாருடைய பழைய வாழ்வு விலையானது என்று அவர் கேட்கவில்லை. எளியவர்மேல் சிரிக்காத அவருடைய பேனா இங்கே எளியவரைப் பார்க்கவே தவறிவிட்டது. எனக்கு இது வலிக்கிறது. சில இடங்களில் கதை நின்று பிரசங்கம் நீள்வதும் உண்டு.

ஆனாலும் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். நம் மொழியில் ‘இறங்குதல்’ என்பதற்கு எத்தனை பொருள்! வண்டியைவிட்டு இறங்குகிறோம். பிடிவாதத்திலிருந்து இறங்கி வருகிறோம். ஒருவருக்காக மனம் இறங்குகிறோம். கடவுளே மனிதனாக இறங்கி வந்தார் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் ஆணிவேர். ஒட்டகத்தைவிட்டு ரெபெக்காள் இறங்கினாள். அரண்மனையைவிட்டு இறங்கி வந்து மோசே கிணற்றடியில் உட்கார்ந்தான். மார்கரெட் இருட்டில், தவறான இடத்தில் இறங்கினாள். அப்படி இறங்கி வந்த மோசேயிடமும் மார்கரெட்டிடமும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து, வா, முதலில் சாப்பிடு என்கிறார். மீதியானில் சிப்போராளின் தகப்பன், ஆஷ்லண்டில் மிஸஸ் டானர். பேச்சு நிற்காத அந்த அம்மாளின் மேசையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தட்டு வைக்கப்படுகிறது.